கண்மாய் மீட்புக்கு யாரிடம் ஆலோசனை பெறுவது? மதுரை வட்டாரத்துக்கான ஓர் ஒப்பீடு

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கண்மாய்ச் சீரமைப்புக்குப் பணம் வரும் வழிகள் கடந்த பத்தாண்டுகளில் பெருகியிருக்கின்றன. 2017இல் அரசு மீண்டும் தொடங்கிய குடிமராமத்து (ஊரார் பங்களிப்போடு நீர்நிலைகளைச் சீரமைக்கும் திட்டம்), 2022இல் மத்திய அரசு அறிவித்த அமிர்த சரோவர் என்ற குளத் திட்டம், 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் தங்கள் லாபத்தில் இரண்டு விழுக்காட்டை ஒதுக்க வேண்டிய சமூகப் பொறுப்பு நிதி, வெளியூர்களில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள் திரட்டித் தரும் தொகை என்று ஏதாவது ஒன்று கைக்கு வந்துவிடுகிறது. பணம் வந்த பிறகு நடப்பதுதான் கவலை தருகிறது. என்ன செய்ய வேண்டும் என்று முடிவாவதற்கு முன்பே மண் அள்ளும் இயந்திரம் உள்வாயில், அதாவது கண்மாயின் நீர் நிற்கும் உட்பரப்பில், இறங்கிவிடுகிறது. இறங்குவதற்கு முன் யாரிடம் கேட்பது என்ற கேள்விக்கு இந்த வட்டாரத்தில் இன்று நான்கு விடைகள் உண்டு: பொறியியல் ஆலோசனை நிறுவனம், சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனம், களத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவனம், கல்லூரி அல்லது பல்கலைக்கழகத் துறை. யாரையும் கேட்காமல் பாசன சங்கமே பார்த்துக்கொள்வது ஐந்தாவது வழி. அதையும் ஒரு வழியாகவே எண்ணித்தான் இந்த ஒப்பீட்டைச் செய்ய வேண்டும்.

ஆலோசகரைத் தேடும் முன் கண்மாய் எந்த வகையைச் சேர்ந்தது என்று தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. பெரியாறு பிரதானக் கால்வாயிலிருந்து நீர் பெறும் கண்மாய்களின் நிலை வேறு. கள்ளந்திரி வரை இருபோகம், அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் ஒருபோகம் என்ற முறைப்பாசனத்துக்குள் அவை வருகின்றன. அவற்றுக்கு நீர் வருவதும் வராததும் வைகை அணையின் நீர்மட்டத்தையும் மதகு திறப்பையும் பொறுத்தது. மழையை மட்டும் நம்பியிருக்கும் வானம் பார்த்த கண்மாய் இரண்டாவது வகை. செல்லூர், வண்டியூர்க் கண்மாய்களைப் போல் நகரத்துக்குள் சிக்கிக்கொண்டு, பாசனத்தை இழந்து, கழிவுநீரையும் மழைவெள்ளத்தையும் தாங்குபவை மூன்றாவது. பறவைகள் வந்து தங்குவதால் பெயர் பெற்ற சாமநத்தம் போன்றவற்றைத் தனி வகையாகவே கொள்ள வேண்டும். ஒரே ஆலோசகர் இந்த நால்வகைக்கும் ஒரே அறிக்கையைப் பெயர் மாற்றிக் கொடுப்பதுண்டு. கையில் இருக்கும் அறிக்கையில் வேறு மாவட்டத்து ஊர்ப்பெயர் எங்கேனும் தங்கியிருக்கிறதா என்று பார்த்தாலே அது தெரிந்துவிடும்.

நிர்வாக வேறுபாடும் ஒன்று உண்டு. ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், நாற்பது எக்டேருக்கு மேல் இருந்தால் கண்மாய் நீர்வளத் துறையிடமும், குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். யாருடைய அனுமதியும் மதிப்பீட்டு ஒப்புதலும் தேவை என்பது இதைப் பொறுத்தே அமைவதால், முதல் சந்திப்பில் இந்தக் கேள்வியைத் தாமாகவே கேட்காத ஆலோசகரை இந்த ஊர்ப்பக்கம் வேலை செய்தவர் என்று நம்ப முடியாது.

பொறியியல் ஆலோசனை நிறுவனத்தின் பலம் அளவை. கரையின் உயரம், மடையின் (பாசன மதகின்) அடிமட்டம், கலுங்கின் (மிகைநீர் வழியும் அமைப்பின்) மேல்மட்டம், வரத்துக்காலின் (நீர் கொண்டுவரும் வாய்க்காலின்) சரிவு ஆகிய நான்கும் சென்டிமீட்டர் கணக்கில் தெரியாமல் எந்தச் சீரமைப்பும் ஊகமே. டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவியும் ட்ரோனும் வந்த பிறகு, முன்பு பல வாரம் பிடித்த மட்ட அளவை சில நாட்களில் முடிந்துவிடுகிறது. கலுங்கை அரை அடி உயர்த்தினால் உள்வாயில் யாருடைய பட்டா நிலம் மூழ்கும், மறுகால் (மிகைநீர் வெளியேறும் வாய்க்கால்) வழியே கீழ்க்கண்மாய்க்கு எவ்வளவு தாமதமாக நீர் போகும் என்பதை இவர்கள் சொல்ல முடியும். வைகைப் படுகையில் கண்மாய்கள் சங்கிலித் தொடராக அமைந்திருப்பதால் இது சிறிய செய்தி அன்று. மேலே உள்ள ஊர் தன் கலுங்கை உயர்த்திக்கொண்டதால் கீழ்க்கண்மாய்க்காரர்கள் காவல் நிலையம் வரை போன கதைகள் இந்தப் பகுதியில் ஏராளம்.

இவர்களின் குறை கட்டணமுறையில் இருக்கிறது. திட்ட மதிப்பில் ஒரு விழுக்காட்டைக் கட்டணமாகப் பெறும் நிறுவனத்துக்கு மதிப்பு உயர்வதே வருமானம். மதிப்பை உயர்த்த எளிய வழி தூர் வாருதல், அதற்கடுத்தது கான்கிரீட். ஒரு கண்மாயில் தூர் வார வேண்டுமா, எவ்வளவு வார வேண்டும் என்பதைச் சொந்தமாகக் கணக்கிட்டுப் பார்ப்பது கடினமில்லை. நூறு ஏக்கர் நீர்ப்பரப்புள்ள கண்மாயில் ஓர் அடி வண்டலை முழுவதும் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. ஆகவே எடுக்க வேண்டிய மண் 43,56,000 கன அடி, அதாவது 43,560 யூனிட். டிப்பருக்கு மூன்று யூனிட் என்றால் 14,520 நடை. நாளைக்கு நூறு நடை ஓடினாலும் ஏறத்தாழ ஐந்து மாதம் ஆகும். கோடையில் உள்வாய் காய்ந்து வண்டி இறங்கும்படி கிடக்கும் காலம் அவ்வளவு நீளமில்லை. ஆகவே “கண்மாய் முழுவதும் ஓரடி தூர் வாரப்பட்டது” என்று அறிக்கை சொன்னால், அந்த மண் எங்கே கொட்டப்பட்டது என்று கேட்க வேண்டியதாகிறது.

இதையே மறுபக்கத்திலிருந்து பார்க்கலாம். மதுரையின் ஆண்டு மழை சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. நீர்ப்பிடிப்புப் பரப்பில் விழும் மழையில் பத்து விழுக்காடு மட்டுமே ஓடி வருவதாக அடக்கமாக வைத்துக்கொண்டாலும், ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பு ஆண்டுக்கு 85,000 கன மீட்டர், அதாவது சுமார் 30 லட்சம் கன அடி நீரைக் கொண்டுவரும். மண்ணின் தன்மையையும் மழையின் வேகத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். ஆனாலும் ஒப்பீடு தெளிவாக இருக்கிறது: சாலையாலோ, மனைப்பிரிவாலோ, மேடாக்கப்பட்ட வயலாலோ துண்டிக்கப்பட்ட ஒன்றரைச் சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பை ஒரு குழாய்ப் பாலமும் சில நூறு மீட்டர் வரத்துக்கால் வெட்டும் மீட்டுத் தருமானால், அது நூறு ஏக்கரில் ஓரடி தோண்டியதற்கு ஈடாகும். அதோடு, தோண்டிய பள்ளம் தானாக நிரம்பாது. வரத்துக்கால் நீரைக் கொண்டுவந்து சேர்க்கும். நகரத்துக்குள்ளேயே இதற்குச் சான்று இருக்கிறது. திருமலை நாயக்கர் 1645இல் அமைத்த வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பல்லாண்டு காலம் பிள்ளைகள் மட்டை பிடித்து விளையாடும் திடலாகக் கிடந்தது. வைகையிலிருந்து வரும் பனையூர்க் கால்வாய் வழி சீரான பிறகுதான் அதில் நீர் நிற்கத் தொடங்கியது. குளத்தின் ஆழம் ஒருபோதும் பிரச்சினையாக இருந்ததில்லை.

ஆகவே பொறியியல் நிறுவனத்தை அமர்த்துவதில் தவறில்லை. அளவைக்கு ஒரு நிலையான தொகை பேசி, அளவையையும் பரிந்துரையையும் பெற்றுக்கொண்டு, வேலையை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். எவ்வளவு தோண்டுவது என்று தீர்மானிப்பவருக்கும் தோண்டிய மண்ணால் வருமானம் பெறுபவருக்கும் இடையே உறவு இருக்கக் கூடாது என்ற இந்த ஒரு நிபந்தனையை மற்ற எல்லா அளவுகோல்களுக்கும் மேலாக நான் வைக்கிறேன்.

இரண்டாவது வழியான சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள் பெரும்பாலும் வேறொரு தேவையிலிருந்து பிறந்தவை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குவாரி, தொழிற்சாலை, பெரிய கட்டுமானம் போன்றவற்றுக்கு முன் அனுமதி தேவை; அதற்கான அறிக்கையை நாபெட் (ஆலோசகர்களுக்குத் தகுதிச் சான்று வழங்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆலோசகரே தயாரிக்க வேண்டும். கண்மாய்ப் பராமரிப்புக்காகத் தூர் வாருவதற்கு அத்தகைய அனுமதி தேவையில்லை. எனவே அங்கீகாரச் சான்றிதழை மட்டும் காட்டி இந்த வேலைக்குத் தகுதி கோருவோரிடம், சான்றிதழ் எந்தத் துறைக்கு வழங்கப்பட்டது என்று கேட்டறிய வேண்டும். மேலூர் வட்டாரத்தில் இன்னொன்றையும் கேட்டாக வேண்டும். அந்தப் பகுதியின் கிரானைட் குவாரிகளைப் பற்றி விசாரிக்க 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் உ. சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமித்ததும், கண்மாய்களும் கால்வாய்களும் சிதைந்ததாக எழுந்த புகார்களும் அங்குள்ள எவருக்கும் மறந்திருக்காது. குவாரிக்கு அறிக்கை எழுதிய நிறுவனமே அதன் கீழ்ப்புறத்துக் கண்மாய்க்கும் மீட்புத் திட்டம் எழுதுவது சட்டத்துக்கு முரணாக இல்லாமல் இருக்கலாம்; ஊர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

இருப்பினும், நகரக் கண்மாய்களுக்கு இவர்களைவிடப் பொருத்தமானவர்கள் இல்லை என்பதே என் மதிப்பீடு. கழிவுநீர் கலக்கும் கண்மாயில் கேள்வி அளவைப் பற்றியது மட்டும் அன்று. என்ன கலக்கிறது, எந்த வாய்க்கால் வழியாக, எந்த நேரத்தில், எவ்வளவு என்பவற்றைப் பற்றியது. மீன்களுக்கும் பிற உயிர்களுக்கும் உகந்த நீரில் லிட்டருக்கு 4 மில்லிகிராமேனும் கரைந்த ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்திருக்கிறது. ஆகாயத்தாமரை மூடிய கண்மாயில் விடியற்காலையில் அளந்தால் ஒன்றும், நண்பகலில் அளந்தால் இன்னொன்றும் கிடைக்கும் என்பதை அறிந்து மாதிரி எடுக்கவும், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதிக்கவும், கழிவுநீரைத் திருப்பிவிடுவதா, நாணலும் சம்பும் வளர்த்த சதுப்புப் படுகையில் வடித்து விடுவதா என்று ஒப்பிட்டுச் சொல்லவும் பயிற்சி வேண்டும். ஆகாயத்தாமரையை ஆண்டுதோறும் அள்ளிக் கரையில் போடுவதற்குச் செலவிடும் பணத்தை அது செழித்து வளரக் காரணமான சாக்கடை வாயில் செலவிட வேண்டும் என்று எழுத்தில் சொல்லக்கூடியவர்கள் இவர்கள். 2024 அக்டோபர் மழையில் செல்லூர்க் கண்மாய் நிரம்பிக் குடியிருப்புகளுக்குள் வெள்ளம் புகுந்ததை நினைத்துப் பார்த்தால், நகரக் கண்மாயில் வெள்ளக் கணக்கும் கழிவுநீர்க் கணக்கும் தனித்தனி வேலைகள் ஆகா என்பது புரியும். நடைபாதையும் படகுத்துறையும் வண்ண விளக்கும் அந்தக் கணக்குகளுக்குப் பிறகு வர வேண்டியவை. பெரும்பாலான முன்மொழிவுகளில் அவை முதல் பக்கத்திலேயே வந்துவிடுகின்றன.

இந்த நிறுவனங்கள் சில வேளைகளில் “உங்கள் கண்மாயை ஈரநிலமாக அறிவிக்கச் செய்கிறோம்” என்று சொல்வதுண்டு. 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள், பாசனத்துக்கென்றே மனிதர் அமைத்த நீர்நிலைகளை ஈரநில வரையறையிலிருந்து விலக்கியிருக்கின்றன. அப்படியானால் வழியே இல்லையா என்றால், உண்டு. பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்கள் பறவைகள் சரணாலயங்களாக இருந்து, 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றதாக அறிவிக்கப்பட்டன. அதே ஆண்டில் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதிகள் பல்லுயிர்ச் சட்டத்தின்கீழ் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டன. இவை வெவ்வேறு சட்டங்கள், வெவ்வேறு அலுவலகங்கள். எந்த வழியைச் சொல்கிறார்கள் என்பதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே கட்டணம் பேச வேண்டும்.

தொண்டு நிறுவனங்களைப் பொறுத்தவரை மதுரைக்கு ஒரு வாய்ப்பு அதிகம். தானம் அறக்கட்டளை மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு, வயலகம் என்ற பெயரில் உழவர்களைச் சங்கமாக்கிக் கண்மாய் வேலைகளைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. இத்தகைய அமைப்புகளிடம் கிடைப்பது அறிக்கையைவிட மதிப்புள்ள ஒன்று: கூட்டம் கூட்டும் திறமை. வானம் பார்த்த கண்மாயில் தலைமடைக்காரருக்கும் கடைமடைக்காரருக்கும் நலன் ஒன்றல்ல. மீன் குத்தகை எடுத்தவர் நீரைத் தேக்கி வைக்க விரும்புவார். நெல் கதிர் பிடிக்கும் நேரத்தில் உழவர் மடையைத் திறக்கச் சொல்வார். ஆடு மாடு வைத்திருப்போருக்குக் கோடையில் கொஞ்சம் நீர் மிஞ்ச வேண்டும். நிலமில்லாதவர்களுக்குக் கண்மாயில் என்ன பங்கு என்ற கேள்வியைச் சங்கக் கூட்டத்தில் யாரும் தாமாக எழுப்புவதில்லை. இவற்றைப் பேசி எழுதி வைக்காமல் செய்யும் சீரமைப்பு, நல்ல மடையை வைத்துவிட்டுத் திறவுகோல் யாரிடம் என்று சொல்லாமல் போவதற்குச் சமம்.

குறைகளும் உண்டு. தொண்டு நிறுவனங்கள் நிதியாண்டோடு ஓடுகின்றன. மார்ச்சுக்குள் செலவுக் கணக்கு காட்ட வேண்டிய நிதி ஜனவரியில் வந்தால், உள்வாயில் நீர் நிற்கும்போதே வேலையைத் தொடங்கும் நெருக்கடி ஏற்படுகிறது. பொறியாளர்களை நிரந்தரமாக வைத்திருக்கும் அமைப்புகள் குறைவு; அளவையை வெளியிலிருந்து வாங்கி, அதைச் சரிபார்க்க ஆளில்லாமல் அப்படியே ஏற்றுக்கொள்வதும் நடக்கிறது. அவர்கள் ஏற்கெனவே முடித்த கண்மாய்களில், மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் முடிந்த ஒன்றையேனும் நேரில் போய்ப் பார்த்து, அந்த ஊர்ச் சங்கம் இன்னும் கூடுகிறதா, மடையின் திருகு சுழல்கிறதா என்று விசாரிப்பது, அவர்கள் தரும் எந்த ஆண்டறிக்கையையும்விடப் பயன் தரும்.

கல்லூரிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மதுரை காமராசர் பல்கலைக்கழகம், தியாகராசர் பொறியியல் கல்லூரி, அமெரிக்கன் கல்லூரி, வேளாண்மைக் கல்லூரி என்று எட்டும் தூரத்தில் பல உள்ளன. செலவு குறைவு, கருவிகள் உண்டு, மாணவர்களுக்கும் அது பாடம். ஆனால் வேலை கல்விக் காலண்டரைப் பின்பற்றும். தேர்வு வந்தால் அளவை நிற்கும். பேராசிரியர் மாறினால் ஆர்வமும் மாறும். ஒரே ஒரு வேலையில் இவர்களை மிஞ்ச ஆளில்லை: உயிரினக் கணக்கெடுப்பு. வலசைப் பறவைகள் வருவது மார்கழி, தை மாதங்களில். தாவரங்கள், மீன்கள், தவளைகள், நத்தைகள் ஒவ்வொன்றுக்கும் அதனதன் பருவம். ஓராண்டு முழுவதும் திரும்பத் திரும்ப வந்து எண்ணும் பொறுமைக்கு எந்த வணிக நிறுவனமும் நியாயமான விலை போட முடியாது. ஒவ்வோர் உள்ளாட்சியிலும் அமைக்க வேண்டிய பல்லுயிர் மேலாண்மைக் குழுவின் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டையும் இதோடு சேர்த்தே எழுதிவிடலாம்.

பறவைக் கண்மாய்களில் இந்தக் கணக்கெடுப்பு முடியும்வரை இயந்திரத்தை இறக்கவே கூடாது என்பேன். நாரைகளும் உள்ளான்களும் இரை தேடுவது முழங்கால் அளவு நீரும் சேறும் உள்ள விளிம்புகளில். உள்வாயைக் கிண்ணம் போல ஒரே சீராகத் தோண்டிக் கரையைச் செங்குத்தாக்கினால், கொள்ளளவு கூடியதாகக் காகிதத்தில் தெரியும். இரை தேடும் இடம் போய்விடும். மேலே உள்ள களிமண் படுகையைத் தாண்டித் தோண்டினால் நீர் தங்காமல் கீழே இறங்கவும் கூடும். கருவேல மரங்களின் கதையும் இப்படிப்பட்டதே. 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுக்குப் பிறகு சீமைக்கருவேலத்தை அகற்றும் வேகம் கூடியது. அந்த வேகத்தில், கண்மாய்களுக்குள் நின்ற நாட்டுக் கருவேலத்தையும் சேர்த்து வெட்டினால், கொக்குகளும் நாரைகளும் கூடு கட்டும் மரங்கள் இல்லாமல் போகும். இரண்டையும் வேறுபடுத்தி, எந்த மரத்தில் கூடு இருந்தது என்று குறித்து வைத்திருப்பவர் ஒருவர் வேலை நடக்கும் நாட்களில் உடன் நிற்க வேண்டும்.

இனி, யாரையும் அமர்த்தாமல் சங்கமே செய்யும் வழி. குடிமராமத்தில் ஆயக்கட்டுதாரர்கள் பத்து விழுக்காட்டைப் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்ற ஏற்பாடு இதை ஊக்குவித்தது. எந்த மழைக்கு வரத்துக்காலில் எங்கே உடைப்பு எடுக்கும், எந்த மடை எந்த ஆண்டிலிருந்து கசிகிறது, கலுங்கு கடைசியாக எப்போது பாய்ந்தது என்பதெல்லாம் மடையைத் திறந்து மூடும் மடைக்குடும்பனுக்கு மனப்பாடம். கருவிகள் சொல்லாத இந்தச் செய்திகளைத் தவிர்த்துவிட்டு எழுதும் எந்த அறிக்கையும் பாதிதான். ஆனால் ஆக்கிரமிப்பு இருக்கும் இடத்தில் சங்கத்தின் கை கட்டப்பட்டிருக்கிறது. ஆக்கிரமித்தவர் பங்காளியாகவோ சங்கத்தின் உறுப்பினராகவோ இருப்பார். ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரம் எந்த ஆலோசகருக்கும் கிடையாது. நீர்வளத் துறைக் கண்மாய்களில் அது 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டப்படி அலுவலர்கள் எல்லை அளந்து, அறிவிப்புக் கொடுத்துச் செய்ய வேண்டியது. எனினும், புலப்படம், அ-பதிவேடு ஆகிய வருவாய்த் துறை நில ஆவணங்களை வைத்து எல்லையை வரைபடத்தில் காட்ட வெளியாள் ஒருவர் இருந்தால், சங்கத் தலைவர் தன் அண்ணன் தம்பியிடம் பகை தேடிக்கொள்ள வேண்டியதில்லை. வெளியாளை அமர்த்துவதற்கு இதுவே போதிய காரணம் என்று சில ஊர்கள் கருதுவது நியாயமானது.

இவற்றை ஒன்றோடொன்று நிறுத்திப் பார்க்கையில், வானம் பார்த்த சிறு கண்மாய்க்குத் தொண்டு நிறுவனத்தை முன்னிறுத்தி, மட்ட அளவையை மட்டும் பொறியாளரிடம் தனியே வாங்குவது பொருந்தும். பெரியாற்றுக் கால்வாய்க் கண்மாயில் நீர்வளத் துறையின் பிரிவு அலுவலகத்தைத் தாண்டி எந்த ஆலோசகரும் எதையும் செய்துவிட முடியாது. அங்கே ஆலோசனைக்குச் செலவிடுவதைக் குறைத்துக்கொண்டு, மறுகாலும் கிளை வாய்க்காலும் தடையின்றி இருக்கின்றனவா என்று பார்ப்பதில் செலவிடலாம். நகரக் கண்மாய்க்குச் சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனம். பறவைக் கண்மாய்க்கு முதலாண்டு கல்லூரி. மற்றவர்கள் அதன் பிறகே.

யாரைத் தேர்ந்தாலும் ஒப்பந்தத்தில் சில வரிகள் இருக்க வேண்டும். அறிக்கை தமிழில் தரப்பட வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி வழவழப்பான அட்டை போட்டுத் தந்த எத்தனையோ அறிக்கைகள் ஊராட்சி அலுவலகப் பீரோவில் பிரிக்கப்படாமல் கிடக்கின்றன. அளவைப் புள்ளிவிவரங்கள், வரைபடக் கோப்புகள் உட்பட, ஊருக்கே சொந்தமாக வேண்டும். இல்லையென்றால் அடுத்த முறை அதே அளவைக்கு மறுபடி பணம் கொடுக்க நேரும். வரத்துக்காலை அதன் தலைப்பிலிருந்து கண்மாய் வரை சங்கத்தாரோடு நடந்து பார்த்ததற்கான குறிப்பு அறிக்கையில் இருக்க வேண்டும். எடுக்கும் வண்டலுக்கு வட்டாட்சியர் அனுமதி யார் பெயரில் பெறப்படும், அது எந்த வயல்களுக்குப் போகும் என்பதும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். அளவையைக் கோடையில் முடித்து, மண் வேலையை ஆவணிக்குள் நிறுத்திவிட்டால், வடகிழக்குப் பருவமழை வேலையைச் சோதித்துப் பார்க்கும். கட்டணத்தில் கால் பங்கையாவது நிறுத்திவைத்து, கார்த்திகையில் வரத்துக்காலில் நீர் ஓடி, மடையில் கசிவில்லை என்று சங்கமும் பொறியாளரும் சேர்ந்து கையெழுத்திட்ட பிறகு தை மாதத்தில் தருவதாக எழுதிக்கொண்டால், அதற்கு ஒப்புக்கொள்ளும் ஆலோசகர் யார், மறுப்பவர் யார் என்பது ஒப்பந்தம் பேசும் மேசையிலேயே தெரிந்துவிடும்.